பழைய ஸ்விஃப்ட்டுக்கு மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கா, ஷாக்கா?

கேள்வி: “அண்ணா, என்னிடம் இருப்பது 2009 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். 1,32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சஸ்பென்ஷனில் இதுவரை எதையும் மாற்றியதில்லை. ஸ்பீட் பிரேக்கர் தாண்டினால் இரண்டு மூன்று தடவை ஆடி நிற்கிறது. பின்னால் இடது பக்கம் கொஞ்சம் இறங்கினாற்போலத் தெரிகிறது. மாதம் ஒருமுறை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போவேன்; வளைவுகளில் வண்டி ரொம்பச் சாய்கிறது. ஒரு கடையில், வண்டியை 40 மி.மீ. தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எங்கள் மெக்கானிக், ஷாக்கை ரீகண்டிஷன் செய்தால் போதும் என்கிறார். எதைச் செய்யட்டும்?”

தம்பி, இரண்டுமே வேண்டாம். நான்கு ஷாக்கையும் (ஷாக் அப்சார்பர்) புதிதாகப் போடுங்கள், கூடவே அவற்றைச் சேர்ந்த ரப்பர் சாமான்களையும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு தடவை வால்பாறை போய்வாருங்கள். அதற்கப்புறமும் வண்டியைத் தாழ்த்தத்தான் வேண்டும் என்று தோன்றினால், அதற்கான வழியையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

“ஷாக் போச்சு, அதான் வண்டி இறங்கிருச்சு” என்று பட்டறையில் அடிக்கடி காதில் விழும். அது தப்பு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான். உங்கள் ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கின்றன. நிற்கிற வண்டியில் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். உள்ளே கேஸ் நிரப்பிய ஷாக் கொஞ்சம் மேலே தள்ளும், ஆனால் அது சில மில்லிமீட்டர் சமாச்சாரம். ஷாக்கின் வேலை ஆட்டத்தை நிறுத்துவது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே இருக்கும் ஆயில் சின்ன வால்வுகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறுகிறது. ஆகவே நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் வேறுவேறு. இரண்டு மூன்று தடவை ஆடுவது ஷாக்கின் குறை. இடது பக்கம் இறங்கியது ஸ்பிரிங் பக்கத்துக் குறை, அல்லது ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் குறை.

ஸ்பிரிங் எப்படி வயதாகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பழைய ஸ்பிரிங் ‘இளகிப்போகும்’ என்று நினைக்கிறோம். ஒரு சுருள் ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பதைக் கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் அடிப்படைக் குணம் ஆகிய நான்கும்தான் தீர்மானிக்கின்றன. பதினைந்து வருடம் ஓடினாலும் இந்த நான்கும் அப்படியே இருக்கும். மாறுவது நீளம். பல வருடம் பாரத்தின் கீழ் நின்ற எஃகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, பழைய உயரத்துக்குத் திரும்ப மறுக்கிறது. அதனால் வண்டி 10, 15 மி.மீ. இறங்குகிறது, சஸ்பென்ஷன் அதிகம் அமுங்கினால் முட்டி நிற்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கு இருக்கிற இடைவெளியும் அந்த அளவுக்குக் குறைகிறது. குழியில் விழுந்தால் “டொம்” என்று கேட்பது இதனால்தான்.

துரு பிடித்தால் கதை வேறு. கம்பியின் தடிமன் கணக்கில் நான்காம் அடுக்காக (தடிமன் × தடிமன் × தடிமன் × தடிமன்) வருகிறது. 12 மி.மீ. கம்பி துருவால் 11 ஆனால் கடினத்தில் முப்பது சதவீதம் போய்விடும். கம்பிக்குள் ஏறும் அழுத்தமும் முப்பது சதவீதம் கூடும். பெயின்ட் உரிந்து, செதில் செதிலாகத் துரு எழும்பிய ஸ்பிரிங்கை அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் முறிவது கீழ்ச் சுற்று. மண்ணும் தண்ணீரும் தேங்குவது அங்கேதான். முறிந்த துண்டு கீழ்த் தட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. உங்கள் வண்டியின் இடது பின் மூலையில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீட் கிழிந்து நகர்ந்திருந்தாலும் அந்த மூலை இறங்கும். அதற்குப் புது ஸ்பிரிங் தேவையில்லை.

அளக்கும் முறை எளிது. அதைச் செய்ய இடம் கிடைப்பதுதான் கஷ்டம். வீட்டு போர்டிகோ மழைத்தண்ணீர் வடியச் சரிவு வைத்துக் கட்டியது, பெட்ரோல் பங்க்கும் அப்படித்தான். மாலின் அடித்தள பார்க்கிங் போல ஓரளவு சமமான தரையைத் தேடுங்கள். டிக்கியைக் காலி செய்து, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும், அதனால் வீலின் நடுவிலிருந்துதான் அளக்க வேண்டும். நான்கு எண்களையும் குறித்துக்கொண்டு, வண்டியை அதே இடத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளந்து சராசரி எடுங்கள். தரைச் சரிவின் பிழை இதில் கழிந்துவிடும். ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். சர்வீஸ் மேனுவலில் சரியான உயரம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், குறைவாக ஓடிய அதே மாடல் வண்டி யாரிடமாவது இருந்தால் அதை அளந்து ஒப்பிடலாம்.

சிலர் வண்டி இறங்கிவிட்டது என்று வருவார்கள். பார்த்தால் 165/80 ஆர்14 டயரைக் கழற்றிவிட்டு 195/50 ஆர்15 அலாய் போட்டிருப்பார்கள். அந்த மாற்றத்திலேயே வண்டி 22 மி.மீ. தாழ்ந்துவிடும். இதில் ஸ்பிரிங் என்ன பாவம் செய்தது?

சரி, ஷாக்குக்கு வருவோம். பானெட்டின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை முழுதாகச் செத்துப்போன ஷாக்கைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதி செத்தது அதில் பாஸாகிவிடும், ஏனென்றால் ரப்பர், சீல் இவற்றின் உராய்வே அந்த மெதுவான ஆட்டத்தை நிறுத்திவிடும். நம்பத்தகுந்த அடையாளங்கள் வேறு. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றளவு நெடுகத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால், வீல் ரோட்டில் ஒட்டாமல் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஷாக் உடம்பில் லேசாக ஆயில் படிந்து தூசி ஒட்டியிருப்பது பெரிய விஷயமில்லை. ஈரமாக வடிந்திருந்தால் அது முடிந்தது. 1,32,000 கி.மீ. ஓடிய அசல் ஷாக்குக்கு இந்தச் சோதனையெல்லாம் சம்பிரதாயம்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் ஓட்டுகிறவருக்கு உறைப்பதில்லை. புதிது போட்டதும்தான் “இவ்வளவு நாள் இதையா ஓட்டினோம்” என்று தோன்றும்.

இப்போது உங்கள் உண்மையான ஆசைக்கு வருகிறேன்: வால்பாறைச் சாலையில் சாயக்கூடாது. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். புது ஷாக் போட்டால் சாய்வே இருக்காது என்று சொன்னால் அது பொய். நீளமான ஒரே வளைவில் வண்டி கடைசியில் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும், இடது வலது வீல்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரும்தான் முடிவு செய்கின்றன. அந்தச் சாய்வுக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறது, அங்கே போய் ஒருமுறை ஆடுகிறதா என்பது ஷாக்கின் கையில் இருக்கிறது. மலைப்பாதையில் இடம் வலம் என்று ஸ்டியரிங் மாறிக்கொண்டே இருப்பதால், பின் சீட்டில் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டுவது சாய்வின் அளவு அல்ல, அது திடுமென்று வருவதும் திரும்பி ஆடுவதும்தான். அதில் நூற்றுக்கு எழுபது பங்கு நல்ல ஷாக்கில் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். கூடவே ஸ்டெபிலைசர் பாரின் புஷ் (ரப்பர் உறை), அந்த பாரை வீல் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராட் இரண்டையும் பாருங்கள். லிங்க் ராடின் பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடினால், வண்டி சாயத் தொடங்கும் முதல் சில மில்லிமீட்டருக்கு அந்த பார் வேலையே செய்யாது. சின்ன சாமான், மலிவானது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

கடைக்காரர் சொன்ன 40 மி.மீ. கதையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் பாரமெல்லாம் குவிகிற மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அதில் 40 மி.மீ. குறைந்தால் ஏழெட்டு சதவீத லாபம். ஆனால் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. வண்டி ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது, அதை ரோல் சென்டர் என்பார்கள். முன் வீலைப் பாடியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் எந்தச் சரிவில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் புள்ளி மேலே கீழே போகும். பாடியை இறக்கினால் ஆர்மின் உள்முனை இறங்குகிறது, சரிவு மாறுகிறது, ரோல் சென்டர் பாடியைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. பார மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். ஆக, தாழ்த்தினால் அந்த நெம்புகோல் நீளமாகிறது! லோயரிங் ஸ்பிரிங் போட்டபின் சாய்வு குறைகிறது என்றால், அது பெரும்பாலும் ஸ்பிரிங் கடினமாக இருப்பதால்தான். தாழ்ந்ததால் அல்ல.

அடுத்தது பம்ப் ஸ்டாப். பேச்சுக்கு, சாதாரண நிலையில் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு 80 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 40 தாழ்த்தினால் மீதி பாதி. ஒரே குழியின் அடியைப் பாதித் தூரத்துக்குள் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங் இருபது, முப்பது சதவீதம்தான் கூடுதல் கடினம். அப்படியானால் மீதி அடி எங்கே போகும்? பம்ப் ஸ்டாப்புக்கு, அதிலிருந்து ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடித்திருக்கும் டாப் மவுண்டுக்கு, கடைசியில் அப்பாவின் முதுகுக்கு.

இதில் செத்த ஷாக்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்பிரிங்கை 25 சதவீதம் கடினமாக்கினால், ஆட்டத்தைப் பழையபடி அடக்க ஷாக்குக்குப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். இருக்கிற பலமே போய்விட்ட ஷாக்கின் மேல் இன்னும் கடினமான ஸ்பிரிங்கை ஏற்றினால் வண்டி பந்து போலத் துள்ளும். ‘ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதும்’ என்பது 1,32,000 கி.மீ. ஓடிய வண்டிக்குச் சொல்லக்கூடிய யோசனைகளிலேயே மோசமானது.

ஸ்பீட் பிரேக்கரை மறந்துவிடக் கூடாது. இந்திய ரோடு காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவில் உள்ள தூரம்) 2,390 மி.மீ. அந்த வளைவின் உச்சியில் நிற்கும்போது வண்டியின் வயிற்றுக்கடியில் மேடு 42 மி.மீ. மட்டுமே ஏறும், ஏனென்றால் நான்கு வீலும் மேட்டின் மேலேயே நிற்கின்றன. 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் 40 தாழ்த்தி, ஆளும் லக்கேஜும் ஏறி இன்னும் 35 இறங்கினால்கூட 95 மிச்சம், உரசாது. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் இருப்பது அந்த வேகத்தடையா? பாதி மூட்டை சிமென்ட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி, ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு எழுப்பிய கரை அது. அந்தக் கரை முழுதாக இரண்டு வீலுக்கும் நடுவில் வந்துவிடும். கம்பெனி உயரத்திலேயே ஆள் ஏறினால் 135தான், அப்போதே உரசுகிறது. தாழ்த்திய வண்டியில் எக்ஸாஸ்ட் பைப் மேளம் கொட்டும்.

நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான். 2002இல் ஒரு பழைய மாருதி ஜென் வைத்திருந்தேன். பட்டறையில் கேஸ் கட்டிங்கில் முன் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டிக் கொடுத்தார்கள். முதல் வாரம் கண்ணாடிக் கடை ஷோகேஸில் தெரியும் நிழலைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். அடுத்த மாதம் உடுமலை ரோட்டில் பஞ்சர். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கியதும் ஸ்ட்ரட்டுக்குள் “கலக்” என்று ஒரு சத்தம். கை விட்டுப் பார்த்தால் ஸ்பிரிங் தொளதொளவென்று கையோடு சுழல்கிறது. வீல் தொங்கும்போது ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு விரிகிறது, வெட்டிய ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் இல்லை. ஸ்டெப்னி மாட்டி இறக்கியபோது ஸ்பிரிங்கின் முனை தட்டின் பள்ளத்தில் உட்காராமல் வெளியே உட்கார்ந்துவிட்டது. வீடு வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பும் போதெல்லாம் “டங்” என்று ஒரு அடி. நாலு மாதத்தில் ஸ்ட்ரட் ஆயில் கக்கியது.

வெட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது உண்மைதான். 12 மி.மீ. கம்பி, 130 மி.மீ. சராசரி விட்டம், ஐந்து சுற்று உள்ள ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 1.9 கிலோ பாரம் வேண்டும். ஒரு சுற்றை வெட்டிவிட்டால் அதுவே 2.4 கிலோ ஆகும். அதனால்தான் வெட்டிய வண்டி முதல் நாள் ‘டைட்டாக’ இருப்பதாகத் தோன்றுகிறது. கேஸ் சூட்டில் எஃகின் பதம் கெட்டுப்போவதும், முனையின் வடிவம் போய்விடுவதும் அன்றைக்குத் தெரியாது. நல்ல லோயரிங் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் நெருக்கமான சுற்றுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல ஸ்பிரிங்குகளில் அவை வண்டி தரையில் நிற்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும். வீல் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் முக்கிய வேலை.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் குஷன்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். இறங்கிய வண்டி உயரும், உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது. ஒரு சுற்றைக் கட்டிப்போட்டதற்குச் சமம், மீதிச் சுற்றுகளுக்குப் பாரம் மாறும். ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவில் மணல் சிக்கிப் பெயின்ட்டைச் சுரண்டும், அங்கிருந்து துரு ஆரம்பிக்கும். பழைய ஸ்பிரிங்கில் இதைச் செய்யவே கூடாது.

புது ஸ்பிரிங் தேவை என்று அளவு சொன்னால், சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். ‘ஸ்விஃப்ட் ஸ்பிரிங்’ என்று கேட்டால் டீசலுக்கு உரியதைக் கொடுத்துவிடுவார்கள். டீசல் எஞ்சின் எடை அதிகம், அதன் முன் ஸ்பிரிங் உங்கள் பெட்ரோல் வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும். பல கம்பெனிகள் ஸ்பிரிங்கில் கலர் கோடு போட்டு வகை பிரித்திருப்பார்கள். பழைய ஸ்பிரிங்கின் கோடு தெரிந்தால் கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு மூலை மட்டும் போயிருந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன் இரண்டு நன்றாக இருந்து பின் இரண்டு மட்டும் போயிருந்தால் பின்னுக்கு மட்டும் போடலாம், தப்பில்லை. பின் சீட்டும் டிக்கியும் எப்போதும் நிறைந்தே ஓடும் வண்டிகளிலும், எல்பிஜி சிலிண்டர் வைத்த வண்டிகளிலும் பின் ஸ்பிரிங் முதலில் சோர்வது சகஜம். பின்பக்கத்தை வேண்டுமென்றே மென்மையாக விடுவதும் நல்லதல்ல. பின் ஸ்பிரிங்கின் ஆட்டம் முன்னதைவிடச் சற்று வேகமாக இருந்தால், ஒரே மேட்டை முன் வீலும் பின் வீலும் அடுத்தடுத்துத் தாண்டினாலும் வண்டி ஊஞ்சலாடாமல் சீக்கிரம் சமமாகும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி கண்டு சொன்ன விஷயம் இது, இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஷாக் தேர்வில் உங்களுக்கு நான் சொல்வது எளிது. மாருதி ஜெனுயின், இல்லாவிட்டால் கேப்ரியல், மன்றோ, கயாபா போன்ற தெரிந்த பெயர்களில் உங்கள் மாடலுக்கே உரிய கேஸ் நிரப்பிய ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய்) ஷாக். ஒற்றைக் குழாய் கொண்ட மோனோ டியூப் சூட்டை நன்றாக வெளியேற்றும், உள்ளே சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 20, 30 மடங்கு கேஸ் அழுத்தம் இருப்பதால் ஆயில் நுரைக்காது. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான். ஆனால் வெளிக்குழாயில் கல் பட்டு ஒரு நெளிவு விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். ட்வின் டியூபில் வெளிக்கூடு நெளிந்தாலும் உள்குழாய் தப்பித்துவிடும். மலைப்பாதையில் நிதானமாகக் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு இது போதும். பில்ஸ்டைன் கம்பெனியின் ஷாக் வாங்க நினைத்தால் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். பி4 கம்பெனி ஷாக்குக்குச் சமம், பி6 அதே நீளத்தில் கூடுதல் பலம், பி8 தாழ்த்திய வண்டிக்கான குட்டை ஷாக். சாதாரண உயரத்து வண்டியில் பி8 மாட்டினால் வீல் கீழே போக இடம் குறைந்து மேட்டில் தட்டும்.

ரீகண்டிஷன் பற்றி உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். லாரி, டிராக்டர் காலத்துப் பழக்கம் அது. ஆனால் காரின் ஷாக்கைத் திறந்து வெல்டு வைத்து மூடும்போது, உள்ளே தேய்ந்த வால்வும் பிஸ்டன் வளையமும் பழையதாகவே இருக்கும். ஊற்றுகிற ஆயில் என்ன பதம் என்று யாருக்கும் தெரியாது, கேஸ் பெரும்பாலும் நிரப்புவதே இல்லை. இடதுக்கும் வலதுக்கும் ஒரே பலம் வருமா என்பது அதிர்ஷ்டம். உங்கள் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து 2024இல் எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பித்திருப்பீர்கள், 2029 வரைக்கும் ஓடப்போகிறது. அதற்குள் இரண்டு தடவை கழற்றி மாட்டுகிற கூலியில் புது ஷாக்கின் நல்ல பங்கு வந்துவிடும்.

ஷாக் மாற்றும்போது டாப் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், ராடில் தூசி படாமல் மூடும் டஸ்ட் பூட், ஸ்பிரிங் ரப்பர் சீட் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பம்ப் ஸ்டாப்பைக் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், பழைய ரஸ்க் போல உதிரும். டஸ்ட் பூட் இல்லாமல் புது ஷாக் போடுவது, மழையில் குடையைக் காரில் விட்டுவிட்டுப் போவது மாதிரி.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ட்வின் டியூப் ஷாக் குடோனில் படுக்கையாகக் கிடந்திருக்கும், கேஸ் உள்குழாய்க்குள் ஏறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கு நாலைந்து தடவை அமுக்கி இழுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே ‘புது ஷாக் டூப்ளிகேட்’ என்று சண்டை வரும். முன் ஸ்பிரிங்கைக் கழற்ற ஒழுங்கான கம்ப்ரசர் வேண்டும். கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டி நட்டைக் கழற்றும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பி அறுந்தால் ஸ்பிரிங் முகத்தில் வரும். அப்படிச் செய்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் பளபளப்பான ராடைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள், அந்தக் கீறல் ஒரே மாதத்தில் சீலைக் கிழிக்கும். கடைசியாக, புஷ் உள்ள போல்ட்டுகளை வீல் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழியும். கையால் திருகி நிறுத்தி, வண்டி தன் காலில் நின்றபின் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்க வேண்டும். பட்டறையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

சரி, இத்தனைக்கும் பிறகும் தாழ்த்த ஆசை இருந்தால்: 20, 25 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக், அவர்கள் சொல்லும் அளவுக்குக் குட்டையான பம்ப் ஸ்டாப் மூன்றும் ஒரே செட்டாக வரவேண்டும். காயில் ஓவர் உங்களுக்குத் தேவையில்லை. உயரத்தைத் திருகித் திருகி விளையாடுவதற்கு நேரம் உள்ளவர்களின் சாமான் அது. சட்டத்தையும் யோசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனி உயரத்தில் கம்பெனி வகை ஸ்பிரிங் போடுவதில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. தாழ்த்துவதானால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டே செய்யுங்கள்.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கே அதை முடித்துக்கொள்ளாதீர்கள். அன்று தோராயமாக டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து, 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்தபின் சரியாகச் செய்யுங்கள். உயரம் மாறினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் கோணம்), டோ இரண்டும் மாறும். எல்லோரும் கேம்பரைப் பார்த்துப் பயப்படுவார்கள், டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஹெட்லைட் உயரத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் தரையில் விழும்.

இந்த வாரம் டேப்பை எடுத்து அளந்து, நான்கு மூலை எண்களையும் எழுதி அனுப்புங்கள். இடது பின் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றை டார்ச் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் வாங்கச் சொல்வதா, சின்ன சாமானான ரப்பர் சீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதா என்று சொல்கிறேன்.